வேஷம் கைமாறும் வேளை

பி.பி.சி. நிறுவனம் 1963-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி ஒளிபரப்பத் தொடங்கி, இடையில் 1989 முதல் நெடுங்காலம் நின்றுபோயும் 2005-இல் மீண்டும் உயிர்பெற்று, பாட்டனும் பேரனும் ஒருங்கே அமர்ந்து பார்க்கும் பெருமையைப் பெற்றுவிட்ட ‘டாக்டர் ஹூ’ என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடரில், 2025 மே 31 அன்று வந்த அத்தியாயத்தின் கடைசிக் கணங்களில், கதாநாயகராக விளங்கிய ஷூட்டி கட்வா ஒளிப்பிழம்பில் மறைய, அவர் நின்ற இடத்தில் பில்லி பைப்பர் என்னும் நடிகையின் முகம் தோன்றியது. இருபது ஆண்டுகளுக்கு முன் அதே தொடரில் நாயகனின் தோழியாக நடித்துப் புகழ்பெற்றவர் அவர். புதிய நடிகர் தோன்றும்போது அவர் பெயரோடு ‘டாக்டராக’ என்று சேர்த்து அறிவிப்பது பல ஆண்டு வழக்கமாயிருக்க, இம்முறை பெயர் மட்டும் வந்தது. எந்தப் பாத்திரமாக என்பது சொல்லப்படவில்லை. இவர்தாம் புதிய டாக்டரா, இது வெறும் ஜாலமா, வேறொருவர் வரப்போகிறாரா என்று அன்றிரவே ரசிகர்களிடையே மூண்ட விவாதம் இலேசில் அடங்குவதாயில்லை.

கடல் கடந்த நாட்டுத் தொலைக்காட்சியின் வழக்கைச் சிதம்பரத்தில் இருந்துகொண்டு விசாரிப்பதற்கு நமக்கு என்ன பாத்தியதை என்று வாசகர் கேட்கக்கூடும். முதல் அத்தியாயங்களை இயக்கிய வாரிஸ் ஹுசேன், லக்னோவில் பிறந்து இருபத்து நான்காம் வயதிலேயே அப்பொறுப்பை ஏற்ற இந்தியர் என்பதைச் சொல்லி அப்பாத்தியதையை ஒருவாறு நிலைநாட்டலாம். ஆனால் அதைவிட ஆழமான உறவு ஒன்று உண்டு. ஒரு பாத்திரம் பெரியதா, அதை ஏற்று நடிப்பவர் பெரியவரா என்னும் கேள்வியை நம்மூர் எத்தனையோ காலமாகத் தன் வீதிகளிலேயே வைத்துக்கொண்டிருக்கிறது.

முதலில் அத்தொடரின் மர்மத்தைச் சொல்லிவிடுகிறேன். காலத்தையும் ஆகாயத்தையும் ஒரு நீலநிறப் போலீஸ் பெட்டியில் கடந்து செல்லும் வேற்றுக் கிரகவாசி அதன் நாயகர். ‘டாக்டர்’ என்பதைத் தவிர அவருக்குப் பெயர் இல்லை. முதலில் அவ்வேடத்தை ஏற்ற வில்லியம் ஹார்ட்னெல் நோயுற்று வசனங்களை நினைவில் நிறுத்தத் தடுமாறியபோது, தொடரை மூடிவிடுவதா அல்லது அவரைப்போல் தோன்றும் ஒருவரைத் தேடிப் பிடிப்பதா என்று திகைக்காமல், இவ்வுயிரினத்தார் மரணம் நெருங்கும்போது பழைய உடலைக் களைந்து புதிய உடலும் புதிய சுபாவமும் பெற்று எழுவர் என்று கதைக்குள்ளேயே ஒரு விதியை அமைத்துவிட்டனர். 1966 அக்டோபரில் ஹார்ட்னெல் தரையில் சாய்ந்தார். எழுந்தவர் பாட்ரிக் டிரௌட்டன். முன்னவர் கண்டிப்பான தாத்தா. பின்னவரோ குழலூதிக்கொண்டு திரியும் குறும்பர். இது என்ன கோமாளித்தனம் என்று அன்றே குறைபட்ட நேயர்கள் இருந்தனர். அவர்களிற் பலர் சில வாரங்களில் அவரையே கொண்டாடத் தொடங்கினர் என்பதும், மூன்று ஆண்டுகள் கழித்து அவர் விலகியபோது அதே மனக்குறையை அடுத்தவர்மேல் சாற்றினர் என்பதும் அத்தொடரின் சரித்திரம். டாம் பேக்கர் ஏழாண்டுகள் நடித்து விலகியபோதும், மாட் ஸ்மித் இருபத்தாறு வயதில் தெரிவு செய்யப்பட்டபோதும் எழுந்த ஆட்சேபம் அதுவே: இவர் அவரல்லவே!

இந்த ஆட்சேபத்தை நான் அற்பமாகக் கருதவில்லை. வாரந்தோறும் வீட்டுக்குள் வந்து பழகிய முகத்தை இழப்பது உள்ளபடியே ஓர் இழப்புத்தான். அதற்காக ஒருவர் வருந்துகிறார் என்றால் கலை அவரைத் தொட்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். ஆயினும் வருத்தம் ஒன்று, தீர்ப்பு மற்றொன்று. 2017 ஜூலையில் ஜோடி விட்டேக்கர் அடுத்த டாக்டர் என்று அறிவித்த அன்றே, ஒரு காட்சியையும் காணாமல், பெண்பிள்ளை இவ்வேடத்தில் தோன்றுவதே தகாது என்று தீர்ப்பளித்தவர்களையும், ருவாண்டாவில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்த கட்வாவை அவருடைய நிறத்தைக்கொண்டு நிராகரித்தவர்களையும் நான் ரசிகர் என்று அழைக்க மாட்டேன்.

இங்கேதான் நந்தனார் நம் நினைவுக்கு வருகிறார். தீண்டாமையின் கொடுமையால் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டும் தில்லையைக் காணும் தாகம் தணியாத திருநாளைப்போவாரைவிடச் சிதம்பரத்துக்கு உரிமையான கதாநாயகர் வேறெவர்? கோபாலகிருஷ்ண பாரதியாரின் சரித்திரக் கீர்த்தனைகளால் கதாகாலட்சேபங்களிலும் மேடைகளிலும் நிலைபெற்ற அப்பாத்திரத்தை, 1935-இல் வெளிவந்த ‘பக்த நந்தனா’ரில் ஏற்று நடித்தவர் ஒரு பெண்மணி. கணவர் கிட்டப்பா மறைந்தபின் துறவுக்கோலம் பூண்டிருந்த கே.பி. சுந்தராம்பாள், அந்நாளில் கேட்டவர் திகைக்கும்படி ஒரு லட்ச ரூபாய் ஊதியம் பெற்று, ஆண்வேடம் தரித்துத் தில்லைக் கூத்தனை அழைத்துப் பாடினார். பண்ணையாராகிய வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர். அப்படத்தைக் கல்கி ஆனந்த விகடனில் தயவு தாட்சண்யமின்றி விமர்சித்தார். அவ்விமர்சனத்துடன் ஒருவர் உடன்படலாம், மறுக்கலாம். ஆனால் அவர் படத்தைப் பார்த்துவிட்டு எழுதினார். ஏழாண்டுகள் கழித்து, 1942-இல், ஜெமினியின் ‘நந்தனா’ரில் எம்.எம். தண்டபாணி தேசிகர் அதே வேடத்தை ஏற்றுக் கேட்டோர் நெஞ்சை உருக்கினார். அத்தேசிகரே பிற்காலத்தில் நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறையில் அமர்ந்து மாணவர்களுக்குக் கற்பித்தார் என்னும்போது, திருநாளைப்போவார் ஒருவழியாகத் தில்லைக்கே குடிவந்துவிட்டதாக எனக்குத் தோன்றுவதுண்டு. சுந்தராம்பாளின் கணீரென்ற குரலையும் தேசிகரின் உருக்கத்தையும் ஒப்பிட்டு வாதாடிய ரசிகர்களில் எவரும், ஒருவர் பாடிவிட்டபடியால் மற்றவர் நந்தனாராகவே கூடாது என்று சொல்லியிருக்க நியாயமில்லை. இருவர் பாடிய பின்னும் நந்தனார் மிச்சமிருந்தார்.

இவ்வூரின் பெயரையே தம் பெயரின் முன் ஏந்திய சிதம்பரம் எஸ். ஜெயராமனின் கதை இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. 1952-இல் ‘பராசக்தி’யில் சிவாஜி கணேசனுக்காகப் பாடியவர் அவர், அந்தக் கம்பீரச் சாரீரமே தம் முகத்துக்கு உரியது என்று சிவாஜியே எண்ணியிருந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்துத் ‘தூக்குத் தூக்கி’க்கு டி.எம். சௌந்தரராஜனை அழைத்தபோது சிவாஜி தயங்கினார் என்பதும், பாட்டைக் கேட்ட பிறகே மனம் இசைந்தார் என்பதும் திரையுலகம் நன்கு அறிந்த செய்தி. அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேலாக அக்குரலும் அம்முகமும் பிரிக்கவொண்ணாதபடி ஒன்றின. ஜெயராமனும் அதனால் மங்கிவிடவில்லை. ‘சம்பூர்ண ராமாயண’த்தில் டி.கே. பகவதியின் இராவணனுக்கு அவர் தந்த குரலை மறந்தவர் யார்? ஆனால் நான் இங்கு கவனிக்க விரும்புவது சிவாஜி நடந்துகொண்ட முறையை. அவர் தயங்கினார், கேட்டார், ஏற்றார். அந்த வரிசை முக்கியம்.

இதுவரை ரசிகருக்குச் சொன்னேன்; கதையை நடத்துகிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு, அதுவே பெரிது. கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவை ஒட்டிப் பல இரவுகள் தொடர்ந்து பாரதக் கூத்து நடக்கும்போது, இன்றைக்கு அர்ச்சுனன் தபசில் ஏறியவர் வேறு, பதினெட்டாம் போரில் வில்லெடுப்பவர் வேறு. திரௌபதியோ ஓர் ஆண்மகன். சபையோருக்கு இதனால் இடையூறு இல்லை, ஏனென்றால் கூத்து அவர்களை மதித்து ஒரு பிரவேச முறையை வைத்திருக்கிறது. இரண்டு பேர் பிடித்த திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து முதலில் குரல் வருகிறது. திரைக்கு மேல் கிரீடத்தின் நுனி ஆடுகிறது. கட்டியங்காரன் யார் வருவது என்று கேட்க, தான் இன்னான், இன்ன குலத்தான், இன்ன காரியமாக வந்தேன் என்று வேஷக்காரர் தாமே பாடி அறிவிக்கிறார். பிறகுதான் திரை விலகுகிறது. அந்தச் சில நிமிஷங்களில் ஊரார் அறிந்த பக்கத்து ஊர்க்காரர் அர்ச்சுனனாகிவிடுகிறார். ‘டாக்டர் ஹூ’வின் ஒளிப்பிழம்பும் அப்படிப்பட்ட திரைச்சீலையே என்று நான் நினைக்கிறேன். அதைச் செவ்வனே நடத்திய காலங்களில் அத்தொடர் தழைத்தது. 1986-இல் காலின் பேக்கரை நீக்கிவிட்டு, அவர் விடைபெற வர மறுக்கவே, அடுத்த நாயகரான சில்வஸ்டர் மெக்காய்க்கே பொய்முடி சூட்டிப் பழையவர்போல் கிடத்திக் காட்சியை ஒப்பேற்றினார்கள். 1989-இல் தொடர் நின்றது. அதற்குக் காரணங்கள் வேறு பலவும் உண்டு என்றாலும், மரியாதையற்ற அந்த மாற்றத்தை ரசிகர் இன்றுவரை மன்னிக்கவில்லை. 2025-இல் வந்தவர் யார் என்பதைச் சொல்லாமலே திரையை விலக்கியதும் அவ்வகைப் பிழையே. இந்த விஷயத்தில் முறையிடும் ரசிகர் பக்கம்தான் நான் நிற்பேன்.

நம் தமிழ்த் தொடர்களின் நிலை இதைவிட வறுமையானது. நேற்றுவரை ஒரு மருமகளாக இருந்தவர் மறைந்து, ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று திரையின் அடியில் ஒரு வரி ஓடுகிறது. அடுத்த நிமிஷமே குடும்பத்தார் எல்லாரும் எதுவும் நடவாததுபோல் புதியவரிடம் காப்பி கேட்கிறார்கள். ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தொடரில் முல்லையாக நடித்து வீடுதோறும் பிரியம் சம்பாதித்திருந்த சித்ரா, 2020 டிசம்பரில் அகாலமாக மறைந்தபோது, அவ்விடத்துக்கு வந்த காவ்யா அறிவுமணி, மறைந்தவருக்காக மக்கள் அழுத கண்ணீருக்கு எதிரே நின்று முல்லையாக வேண்டியிருந்தது. அந்த இளம்பெண்ணின் மேல் விழுந்த ஒப்பீடுகளைக் கண்டபோது, ஒரு துக்கத்தைத் தாங்கும் பாரத்தை முழுவதும் புதிய நடிகையின் தோளில் ஏற்றிவிட்டு நிறுவனங்கள் ஒதுங்கிக்கொள்வது அதர்மம் என்றே எனக்குப் பட்டது. ‘சக்திமான்’ திரைப்படமாகும் பேச்சில் ரண்வீர் சிங்கின் பெயர் அடிபட்டதும், தொலைக்காட்சியில் அவ்வேடத்தை ஏற்றிருந்த முகேஷ் கன்னா வெளிப்படையாக எதிர்த்தாரே, அதிலும் ஒரு நியாயம் இருந்தது. வேஷத்தை ஒப்படைக்க வேண்டியவரை அருகில் வைத்துக்கொள்ளாமல் வேஷத்தை மட்டும் எடுத்துச் செல்ல முயன்றால் மனம் நோகத்தான் செய்யும்.

ஆகவே நம் தொலைக்காட்சி நிலையத்தாரிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அன்று. ஒரு பாத்திரத்தின் நடிகர் மாறும்போது, விலகுபவர் இருந்தால் அவரே வந்து ஓர் அத்தியாயத்தின் முடிவில் நேயர்களிடம் சில வார்த்தை பேசட்டும். அவர் இல்லையென்றால் தொடரின் மூத்த நடிகர் ஒருவர் அவரை நினைவுகூர்ந்துவிட்டுப் புதியவரை அழைத்து வரட்டும். புதியவருக்கு முதல் வாரத்திலேயே பழையவர் செய்த அதே அழுகையையும் அதே சிரிப்பையும் கொடுத்து ஒப்பிட வைக்காமல், அவருக்கென்று ஒரு காட்சியை எழுதட்டும். நேயர்களாகிய நாம் ஒரு மாத காலம் பார்ப்போம். பார்த்த பின்னும் பிடிக்கவில்லை என்றால், கல்கியைப் போலக் காரணத்தைச் சொல்லி, நன்றாகவே கண்டிப்போம்.