கெண்டைக்காலும் ஓர் இதயமே

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆகிய பகுதிகளின் தொழிற்சாலைகளிலிருந்து எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வருவோரில் பலர், பணிநேரம் முழுவதும் ஓரிடத்திலேயே நின்று வேலை செய்பவர்கள். மாலையில் கணுக்கால் வீங்குகிறது, காலணி இறுகுகிறது, இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, தோலுக்கடியில் நீலநிற நாளங்கள் புடைத்துச் சுருண்டு நிற்கின்றன. இதனை மக்கள் ‘நரம்பு சுருட்டல்’ என்பர். உண்மையில் சுருண்டிருப்பது நரம்பன்று; இரத்தத்தை இதயத்திற்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரை.

இவர்களுக்கு நாங்கள் எழுதித் தரும் சீட்டில் ‘நீண்ட நேரம் நிற்க வேண்டாம்’ என்றொரு வரி தவறாமல் இடம்பெறும். அதனைக் கடைப்பிடிப்பது நோயாளியின் கையில் மட்டும் இல்லை என்பதை அறிந்தேதான் எழுதுகிறோம்.

நிற்பது ஏன் காலுக்குத் தீங்காகிறது? பிற உயிரினங்களைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். உடலில் இரத்தம் சுழன்று வருகிறது என்பதை 1628-இல் நூலாக வெளியிட்ட ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வியும் மீன், பாம்பு முதலியவற்றின் இதயங்களை ஆராய்ந்தே அம்முடிவுக்கு வந்தார்.

கரப்பான்பூச்சியின் இரத்தம் குழாய்களுக்குள் அடங்கி ஓடுவதில்லை. உடற்குழியில் பரவி உறுப்புகளை நனைக்கிறது. மீனின் இதயம் செலுத்தும் இரத்தம் செவுள்களைக் கடந்து, உடலெங்கும் சென்று, ஒரே சுற்றில் திரும்புகிறது. கிடையான உடலையும் அதனைத் தாங்கும் நீரையும் பெற்ற மீனுக்குப் புவியீர்ப்பு பெருந்தொல்லை தருவதில்லை. நிலத்தில் உயர்ந்து நிற்கும் விலங்குகளின் நிலை வேறு. ஒட்டகச்சிவிங்கியின் மூளைக்கு இரத்தம் எட்ட, மனிதரைப் போல் ஏறத்தாழ இருமடங்கு இரத்த அழுத்தம் வேண்டியிருக்கிறது. அவ்வளவு அழுத்தத்திலும் அதன் கால்கள் வீங்காதிருப்பதற்கு, அவற்றை இறுகப் போர்த்தியுள்ள தடித்த தோல் ஒரு காரணம். நாங்கள் பரிந்துரைக்கும் அழுத்தக் காலுறை செய்வதும் அதே வேலைதான். குதிரை நடக்கையில் ஒவ்வோர் அடியிலும் அதன் குளம்பு அழுந்தி இரத்தத்தை மேலே தள்ளுகிறது.

மனிதருக்கு அந்தத் தோலும் இல்லை, குளம்பும் இல்லை. கெண்டைக்கால் தசை உண்டு. நாம் அடியெடுத்து வைக்கும்போது அத்தசை சுருங்கிச் சிரைகளைப் பிழிகிறது. மேலேறிய இரத்தம் கீழே வழியாதபடி சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் மூடிக்கொள்கின்றன. அசையாமல் நிற்கும்போது கணுக்காலருகே சிரையின் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரசம் வரை உயரும். நலமான காலில், நடக்கத் தொடங்கியதும் 30 அளவுக்கு இறங்கிவிடும். கெண்டைக்காலை இரண்டாம் இதயம் என்பது இதனால்தான். இந்த இதயம் நாம் அசைந்தால் மட்டுமே துடிக்கும். ஆண்டுக்கணக்கில் அது முடங்கினால் வால்வுகள் பழுதாகலாம். தோல் கறுத்து, ஆறாத புண்ணும் வரலாம்.

ஆகவே, நின்று வேலை செய்பவருக்கு ஓர் இருக்கையும் சிறு நடையும் சலுகை அல்ல, தேவை என்பதே எங்கள் கருத்து. இது புதிய கோரிக்கையும் அன்று. நின்று பணிபுரியும் தொழிலாளர், ஓய்வு கிடைக்கும்போது அமர வசதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே தன் 44-ஆம் பிரிவில் கூறியது. கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் எனத் தமிழ்நாடு 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. உற்பத்தி வரிசையை இடையில் நிறுத்த இயலாது என்பர். நிறுத்தச் சொல்லவில்லை. பணியிடத்தை முறைவைத்து மாற்றுவதும், மணிக்கொரு முறை சில நிமிடம் நடக்க விடுவதும் இயலாதவை அல்ல. நாள் முழுவதும் அசையாமல் உட்கார்ந்திருப்பதும் தீர்வாகாது, அசைவே மருந்து.

நோயாளிகளே, உங்கள் வேலை எத்தகையது என்பதை எங்களிடம் விரிவாகச் சொல்லுங்கள். பணிமாற்றப் பரிந்துரைக் கடிதம் கேட்கத் தயங்காதீர்கள்; அதனை ஆலை மருத்துவரிடம் காட்டுங்கள். நிற்கும் இடத்திலேயே குதிகாலை உயர்த்தித் தாழ்த்துங்கள். அழுத்தக் காலுறையை மருத்துவர் காலின் இரத்த ஓட்டத்தைச் சோதித்த பின்னரே அணியுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் புகைப்பவர்களுக்கும் இது மிக முக்கியம்.

குடும்பத்தினரே, வேலை முடிந்து வந்தவர் காலை உயர்த்தி வைத்துப் படுத்திருந்தால் சோம்பல் என எண்ணாதீர்கள், அதுவும் சிகிச்சையே. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்து உருவ வேண்டாம்; இரத்தம் உறைந்திருக்கக்கூடும். உடனே அழைத்து வாருங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் 108-ஐ அழையுங்கள்.