பழைய கணினியும் புதிய கார்டும்

"பழைய கணினியில் மகனுடைய ஆட்டங்கள் தடுமாறுகின்றன, புதியது வேண்டுமென்கிறான், மகளின் கல்லூரிக் கட்டணமோ இம்மாதமே கட்டவேண்டும், என் செய்வது?" என்று கரோல் பாக் அன்பர் ஒருவர் வினவியுள்ளார். பத்தாண்டு உழைத்த பொறியாம். அதனைக் கழித்துவிட வேண்டுவதில்லை என்பதே நம் கருத்து. கிராபிக்ஸ் கார்டு ஒன்றை மாற்றினால் பல ஆட்டங்கள் சீராக ஓடும். புத்தம்புது ஆட்டங்கள் அனைத்தும் ஓடுமென்று ஆசை காட்டமாட்டோம்.

ஆனால், கார்டை விலை பேசுமுன் பெட்டியைத் திறந்து, மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். மீது ஒட்டியுள்ள சீட்டைப் படித்தல் வேண்டும். கார்டு செருகும் இடத்தின் வழியே 75 வாட்டுக்கு மேல் கிடையாது. 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 கார்டோ 170 வாட் கேட்கும்; தனி மின்கம்பியின்றி இயங்காது. அலுவலகங்கள் கழித்த பெட்டிகள் பலவற்றில் அக்கம்பியே இராது. நாம் ஒருமுறை இதைப் பாராது வாங்கி வந்து, இரண்டு மாதம் கார்டை அலமாரியில் வைத்து அழகு பார்த்தோம்! 2024இல் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050, 70 வாட்டில் அடங்குவது. அன்பருக்கு அதுவே ஏற்றது.

நேரு பிளேஸில் பழைய கார்டு வாங்க எண்ணுவோர் ஒன்று கருதுக. 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயத்தைக் கார்டுகளால் ஈட்டும் முறை நின்றபின், இரவு பகலாக ஓடிக் களைத்தவை ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அரைமணி நேரமாவது ஆட்டத்தை ஓட்டிக் காட்டச் சொல்லி, விசிறியின் ஓசையைக் கேட்ட பின்னரே பணத்தை எண்ணுக.