மூன்றாம் குழு எங்கே?

2017 இல் உலக லீக் ஆண்கள் கரப்பந்தாட்டத்தில 36 நாடுகள் ஆடின. அடுத்த வருசமே அந்தத் தொடருக்கு முடிவு கட்டி, நேஷன்ஸ் லீக் எண்ட புதுப் பெயரில் 16 அணிகளோடு தொடங்கினார்கள். இதில எங்களுக்கு இன்னும் கோபம்தான்.

1990 இல் உலக லீக்கும் எட்டே எட்டு அணிகளோடுதான் ஆரம்பித்தது. ஒசாகாவில் நெதர்லாந்தை வென்று இத்தாலி முதல் கிண்ணத்தைத் தூக்கியது. மொத்தம் 28 தொடர்களில் பிரேசிலுக்கு ஒன்பது, இத்தாலிக்கு எட்டு. இரண்டு வீட்டுச் சொத்து மாதிரி! ஆனாலும் கதவு மெல்ல மெல்லத் திறந்தது. கடைசி வருசங்களில் பலத்துக்கேற்ப மூன்று குழுக்கள். 2017 இல் மூன்றாம் குழுவை வென்றது எஸ்தோனியா, பதின்மூன்று லட்சம் சனம் மட்டில் இருக்கிற நாடு. நேஷன்ஸ் லீக்கில் அந்த அணியை ஒருக்காலும் காணேல்லை.

புதுத் தொடரில் 12 அணிகளுக்கு நிரந்தர இடம் கொடுத்தார்கள். எவ்வளவு தோற்றாலும் இறக்கமில்லை. வெளியில நிண்டவைக்கு சலஞ்சர் கிண்ணம் எண்டு ஒரு சின்ன வாசல், வருசம் ஒரு அணிக்கு. 2025 இல் நிரந்தர இடத்தை எடுத்து, 18 அணிகளாக்கி, உலகத் தரவரிசையைப் பார்க்கிறார்கள். சலஞ்சர் கிண்ணம் போயிட்டுது. அந்தத் தரவரிசையிலோ நேஷன்ஸ் லீக் ஆட்டங்களுக்குப் பெறுமதி கூட. உள்ளே நிற்கிறவைக்கே வாய்ப்பு.

1991 இலிருந்து கரப்பந்தாட்டம் இலங்கையின் தேசிய விளையாட்டு. உலக லீக்கில நாங்கள் ஆடினதில்லை. மூன்றாம் குழு இருந்திருந்தால் அதையாவது குறிவைத்திருக்கலாம். 18 அணிகளும் இருக்கட்டும். கீழே இன்னொரு பிரிவு வையுங்கோ எண்டுதான் கேட்கிறம்.