கணக்கு எதற்கு என்று கேட்ட மந்திரி!

ஒரு ஜனத்தை அடக்கி வைக்க என்ன வழி? தடியடி, சிறை, துப்பாக்கி எல்லாம் பழைய வழிகள். செலவும் அதிகம்; கெட்ட பெயரும் வரும். பள்ளிக்கூடத்தைக் கையில் எடுத்துக் கொண்டால்? சத்தம் இல்லாமல் காரியம் முடிந்துவிடும்!

அப்படி நினைத்த மந்திரி ஒருவர் தென் ஆப்பிரிக்காவில் இருந்தார். பெயர் வெர்வூர்டு. மனோதத்துவப் பேராசிரியராக இருந்தவர். பிறகு பத்திரிகை ஆசிரியர். மனித மனமும் தெரியும், சொல்லின் சக்தியும் தெரியும். 1950-ல் அவர் கறுப்பர் விவகார மந்திரி ஆனார்.

பெயர் ஒன்று, வேலை வேறு

1952-ல் ஒரு சட்டம் வந்தது. "பாஸ் ஒழிப்புச் சட்டம்" என்று அதற்குப் பெயர். பாஸ் இல்லாமல் கறுப்பர்கள் நடமாட முடியாதிருந்த நாடு அது. ஒழிந்தது சனியன் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? பழைய பாஸ் போயிற்று. ஒரு நோட்டுப் புத்தகம் வந்தது. படம், கைரேகை, வேலை கொடுத்தவர் விவரம் எல்லாம் அதில் உண்டு. கையில் இல்லாவிட்டால் ஜெயில்! ஒழிப்புச் சட்டத்தின் லட்சணம் இது. இந்தத் தொல்லை 1986 வரை நீடித்தது.

1959-ல் அவரே பிரதம மந்திரி. அப்போது "பல்கலைக்கழகக் கல்வி விரிவுச் சட்டம்" வந்தது. விரிந்தது என்ன? கறுப்பர்களைச் சேர்த்து வந்த ஒன்றிரண்டு பல்கலைக்கழகங்களின் கதவும் மூடிக்கொண்டது. மந்திரியின் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது.

ஆனால் பெரிய வேலை 1953-லேயே நடந்துவிட்டது. அதுதான் "பாண்டு கல்விச் சட்டம்".

அதுவரை கறுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷன் பள்ளிகளில் படித்தார்கள். நெல்சன் மண்டேலா அங்கே படித்துத்தான் கல்லூரிக்குப் போனார். சர்க்கார் அந்தப் பள்ளிகளைத் தன் பிடிக்குள் கொண்டு வந்தது. கறுப்புப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து என்ன பிரயோஜனம் என்று வெர்வூர்டு கேட்டார். வெள்ளையர் சமுதாயத்தில் கூலி வேலைக்கு மேல் அவனுக்கு இடம் இல்லையாம்! கிடைக்காத வாழ்வைக் காட்டி ஆசை மூட்டுகிற படிப்பு கூடாதாம்!

1975-76-ல் ஒரு வெள்ளைப் பிள்ளையின் படிப்புக்கு சர்க்கார் செலவழித்தது 644 ராண்ட். கறுப்புப் பிள்ளைக்கு 42 ராண்ட். கணக்கு வேண்டாம் என்றவர்கள் இந்தக் கணக்கை மட்டும் சரியாகப் போட்டிருக்கிறார்கள். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் வழி வந்த பிள்ளைகளையும் விடவில்லை. இந்தியர் கல்விக்கென்று 1965-ல் தனிச் சட்டம் போட்டுப் பிரித்து வைத்தார்கள்.

தாய்மொழியே வேலி

தாய்மொழியில் படிப்பது நல்லது. யார் இல்லை என்பார்கள்? அந்த நல்ல காரியத்தையே வேலியாக்கியதுதான் கொடுமை. எட்டு வருஷம் தாய்மொழியில் பாடம். ஆனால் பிள்ளையை மேலே ஏற்றிவிட அல்ல. குலத்துக்குக் குலம் பிரித்து வைக்க! எட்டு வருஷம் கழிந்ததும் திடீரென்று பாடமெல்லாம் ஆங்கிலம், ஆப்பிரிகான்ஸ். பிள்ளைகள் திணறினார்கள்.

ஆப்பிரிகான்ஸ், டச்சுக் குடியேறிகளின் வழி வந்த வெள்ளையர் மொழி. ஆண்டவர்களின் மொழி. 1974-ல், கணக்கையும் சமூகப் பாடத்தையும் இனி ஆப்பிரிகான்ஸில்தான் நடத்த வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். கற்பிக்க வேண்டிய ஆசிரியர்கள் பலருக்கே அந்த மொழி சரியாக வராது! எஜமான் எந்த மொழியில் பேசுவாரோ, இரண்டும் தெரிந்திருந்தால் வேலைக்காரனுக்கு நல்லதுதானே என்று ஒரு துணை மந்திரி சமாதானம் சொன்னார். கறுப்பர்களை அவர் கலந்து பேசவில்லை.

1976 ஜூன் 16. ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் சொவெட்டோ. ஆயிரக்கணக்கான மாணவர்கள் "ஆப்பிரிகான்ஸ் ஒழிக" என்று எழுதிய அட்டைகளோடு ஊர்வலம் வந்தார்கள். போலீஸ் சுட்டது. ஹெக்டர் பீட்டர்சன் என்ற 12 வயதுச் சிறுவன் இறந்தான். அவனைக் கையில் ஏந்தி ஒரு மாணவன் ஓடி வருகிற படம் உலகமெங்கும் பத்திரிகைகளில் வந்தது. கலவரம் பல ஊர்களுக்குப் பரவி மாதக்கணக்கில் நீடித்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். சத்தமில்லாத வழியும் கடைசியில் துப்பாக்கியில்தான் வந்து நின்றது.

ஜூலையிலேயே மொழி உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். அதைப் பார்க்க வெர்வூர்டு இல்லை. 1966-ல் பார்லிமெண்டிலேயே கத்தியால் குத்தப்பட்டு இறந்துவிட்டார். ஆனால் அன்று தெருவுக்கு வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் அவர் சட்டம் வந்த பிறகு பிறந்தவர்கள். முதல் வகுப்பிலிருந்து அவர் வகுத்த பாடத்தையே படித்தவர்கள்.