இம்பல்ஸுக்குள்ள கரிஸ்மா இன்ஜின்... ரோட்டுல ஓட்டலாமா பாஸ்?

2011-ல் வந்த ஹீரோ இம்பல்ஸ் ஞாபகம் இருக்கா? காடு மேடெல்லாம் ஏறும் சஸ்பென்ஷன். ஆனா 150 சிசி, 13 பிஹெச்பிதான். அதனால பழைய கரிஸ்மாவோட 223 சிசி இன்ஜினைக் கழட்டி இதுல உட்கார வைக்கிறாங்க. மவுன்ட்டை வெட்டி வெல்டிங், வயரிங் மாத்தணும், செயின் நேரா ஓடணும்... செம வேலை!

சிக்கல் ஆர்.சி-யில். அதுல இருக்கிறது இம்பல்ஸ் இன்ஜின் நம்பர். கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாதுன்னு 2019 ஜனவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதே ஆண்டு திருத்திய சட்டப்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, ரெண்டும்கூட கிடைக்கலாம். வண்டி அடிபட்டா இன்ஷூரன்ஸ் க்ளெய்மும் சந்தேகம்தான்.

அந்தக் காசுக்கு செகண்ட் ஹேண்ட் எக்ஸ்பல்ஸ் 200 பாருங்க. உங்க கையால கட்டுன கெத்து இருக்காது, ஒத்துக்கிறேன்.