எண்ணெய் கேனில் தேதி எழுதுங்கள்!

மூன்று மாதங்களுக்கு முன்பு, கலோரி கணக்கிடும் ஆப் ஒன்றை என் போனில் இறக்கினேன். உட்கார்ந்தே பார்க்கும் வேலை, மாறி மாறி வரும் ஷிஃப்ட், நடுவில் டீயும் பஜ்ஜியும்... பழைய சுடிதார்கள் ஒவ்வொன்றாக அலமாரியின் அடித்தட்டுக்குப் போயிருந்தன. 'இந்த முறை பட்டினி வேண்டாம், கணக்குப் போட்டுச் சாப்பிடுவோம்' என்று முடிவு செய்தேன்.

முதல் நாள் இரவே சிக்கல். தட்டில் விழுந்த தோசையைப் பார்த்து, "அம்மா, இதுல எத்தனை ஸ்பூன் எண்ணெய் ஊத்தின?" என்று கேட்டேன்.

"இருபது வருஷமா ஊத்துற அளவுதான். இப்ப என்ன புதுசா கேள்வி?" என்றார் அம்மா. அதற்குப் பிறகு அன்று இரவு அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை. நான் கேட்டது அளவை. அவர் காதில் விழுந்தது, 'உன் சமையலாலதான் நான் குண்டாயிட்டேன்' என்று.

டயட் தொடங்கும் பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. ஒருவருக்கு மட்டும் ஓட்ஸ், மற்றவர்களுக்கு வழக்கமான சமையல். சமைப்பவருக்கு இரட்டை வேலை. ஒரு மாதத்தில் ஓட்ஸ் பாக்கெட் மேல் தட்டுக்குப் போய்விடும். நானும் இரண்டு வாரம் தனியாக ஓட்டிப் பார்த்து, பிறகுதான் அம்மாவிடம் சமாதானமாகப் போனேன். "ஒரே ஒரு மாசம், நம்ம வீட்டு அடுப்படியைச் சேர்ந்து அளந்து பார்ப்போமா?"

தட்டில் தெரியாத கலோரி

கணக்கு எளிதுதான். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தரும். புரதமும் அதேதான். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி. அதனால்தான் எண்ணெய் கொஞ்சம் கூடினாலும் மொத்தக் கணக்கு எகிறுகிறது.

நடுத்தர அளவு இட்லி ஒன்று சுமார் 60 கலோரி. வெந்த சாதம் 100 கிராம் சுமார் 130. அவித்த முட்டை ஒன்று சுமார் 70. ஒரு டீஸ்பூன் சர்க்கரை 20. ஒரு டீஸ்பூன் எண்ணெய் சுமார் 40. இட்லிப் பொடியில் இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய் ஊற்றிக் குழைத்தால், அதுவே ஒரு இட்லியைவிட அதிகம்.

எங்கள் வீட்டுத் தாளிப்புக் கரண்டியில் தண்ணீர் ஊற்றி, மருந்து மூடியால் அளந்தோம். 20 மில்லி பிடித்தது. அதாவது, ஒரு கரண்டி எண்ணெய் சுமார் 165 கலோரி. "அடேயப்பா!" என்றது நான் இல்லை, அம்மா.

ஆப்பில் 'சாம்பார்' என்று தேடினால் பத்து விடைகள் வரும், ஒவ்வொன்றிலும் ஒரு எண். அது யார் வீட்டு சாம்பாரோ! நம் வீட்டுக் கணக்கு வேண்டுமென்றால், சமைப்பதற்கு முன் பருப்பு, எண்ணெய், தேங்காய் மூன்றையும் அளந்து, மொத்தக் கலோரியைச் சாப்பிடும் ஆட்களால் வகுத்தால் போதும்.

கேன் சொல்லும் கணக்கு

தினமும் ஸ்பூன் ஸ்பூனாக எழுத அம்மாவுக்குப் பொறுமை இல்லை. அதனால் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தோம். புது எண்ணெய் கேனைத் திறக்கும் நாளில், அதன் மேலேயே மார்க்கரால் தேதி எழுதிவிடுவது.

நாங்கள் நான்கு பேர். மளிகை பில்களைப் பார்த்தால், 5 லிட்டர் கேன் 30 நாள்கள்தான் வந்திருக்கிறது. வகுத்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமார் 42 மில்லி, கிட்டத்தட்ட 340 கலோரி. நெய் இதில் சேர்த்தி இல்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், 2,000 கலோரி உணவில் எண்ணெய், கொழுப்புக்கான அளவு 27 கிராம். நாங்கள் 38 கிராம்!

அதே கேனை 45 நாள்களுக்கு நீட்டினால், ஆளுக்கு 28 மில்லிக்குள் வரும். தினமும் சுமார் 110 கலோரி மிச்சம். ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரிக்குச் சமம் என்பார்கள். ஏட்டுக் கணக்குப்படி, வேறு எதையும் மாற்றாமல் 70 நாளில் ஒரு கிலோ. உடம்பு கால்குலேட்டர் மாதிரி அப்படியே நடந்துகொள்ளாது. ஆனால் போகிற திசை சரியாக இருக்கும்.

அம்மாவின் தட்டு

இந்த ஒரு மாதத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்றும் தெரிந்தது. "நான் என்ன சாப்பிடுறேன், ரெண்டு இட்லிதானே?" என்பார் அம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிட்டதை எல்லாம் குறித்தேன். இரண்டு சர்க்கரை போட்ட காபி இரண்டு முறை, அதில் சர்க்கரைக்கு மட்டும் 80 கலோரி. தம்பி மிச்சம் வைத்த அரை தோசை. உடைந்துபோன அப்பளங்கள். இரவில், "பாத்திரத்தைக் கழுவணும்ல" என்று பானையில் இருந்த கடைசிச் சாதம்.

எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் அம்மா உட்காருகிறார். அதற்குள் பொரியல் காலி. முட்டை காலி. சாதமும் ரசமும்தான் மிச்சம். எங்கள் வீட்டில் காய்கறி மிகக் குறைவாகவும் சாதம் மிக அதிகமாகவும் இருந்த தட்டு, சமைத்தவரின் தட்டு. ஆறு மாதங்களுக்கு முன்பு, "சுகர் பார்டர்ல இருக்கு, எடையைக் குறைங்க" என்று டாக்டர் சொன்னதும் அவரிடம்தான். அது வீட்டில் எங்கள் யாருக்கும் ஞாபகம் இல்லை. எனக்கும்தான்.

இப்போது மூன்று விஷயங்களை மாற்றியிருக்கிறோம். நான்கு தட்டுகளிலும் ஒரே நேரத்தில் பரிமாறுகிறோம். அரிசியை அளந்து போடுகிறோம். மீந்தது ஃபிரிட்ஜுக்குத்தான் போகும், யார் வயிற்றுக்கும் இல்லை.

வீட்டுக்கே சமைக்கும் மூன்று ஐட்டங்கள்

*முருங்கைக்கீரைக் கூட்டு (4 பேருக்கு):* 100 கிராம் பாசிப்பருப்பை மஞ்சள்தூள், 10 சின்ன வெங்காயம் சேர்த்துக் குழையாமல் வேகவிடவும். இரண்டு கை கீரையைப் போட்டு 5 நிமிடம் கொதிக்கவிட்டு, இரண்டு டேபிள்ஸ்பூன் தேங்காய்த் துருவலைச் சீரகத்துடன் அரைத்துச் சேர்க்கவும். உப்பு போட்டு, ஒரே ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, வரமிளகாய் தாளித்துக் கொட்டவும். ஆளுக்கு சுமார் 130 கலோரி.

*காய்கறி கோதுமை ரவை உப்புமா (4 பேருக்கு):* 160 கிராம் ரவையை வெறும் வாணலியில் வறுத்துக்கொள்ளவும். 4 டீஸ்பூன் எண்ணெயில் தாளித்து, கேரட், பீன்ஸ், பட்டாணி என 300 கிராம் காய் சேர்த்து வதக்கி, தண்ணீர் ஊற்றிக் கொதித்ததும் உப்பு, ரவை போட்டுக் கிளறவும். ஆளுக்கு சுமார் 200 கலோரி. கூடவே ஒரு அவித்த முட்டை வைத்துக்கொண்டால் இரவு பசிக்காது.

*சுண்டல்:* ஊறவைக்கும் முன் ஆளுக்கு 30 கிராம் கொண்டைக்கடலை. தாளிப்பைச் சேர்க்காமல் 110 கலோரிக்குள் முடியும். கடை பஜ்ஜி எவ்வளவு எண்ணெய் குடித்தது என்பதை எந்த ஆப்பாலும் சொல்ல முடியாது. சுண்டலில் அந்தச் சந்தேகமே இல்லை.

பொரியலுக்கும் ஒரு வழி இருக்கிறது. காயை எண்ணெயில் வதக்காமல், கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடிபோட்டு வேகவைத்து, கடைசியில் ஒரு டீஸ்பூன் எண்ணெயில் தாளித்துக் கொட்டுங்கள். தாளிப்பு மேலே நிற்பதால் வாசனை குறையாது.

எவ்வளவு குறைக்கலாம்?

முதல் வாரம் எதையும் குறைக்க வேண்டாம். சாப்பிடுவதை அப்படியே எழுதுங்கள். அதிலிருந்து தினமும் 300 முதல் 500 கலோரி குறைத்தால் போதும். வாரத்துக்கு அரை கிலோவுக்குள் எடை குறைவது நல்ல வேகம். வாரம் ஒரு நாள், காலையில், ஒரே நேரத்தில் எடை பாருங்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் உடலில் நீர் தங்கி எடை கூடுதலாகக் காட்டலாம், அதைப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம்.

கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், வளரும் பிள்ளைகள் கலோரியைக் குறைக்கும் முயற்சியில் இறங்கக் கூடாது. இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைத்தால், சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். எண்ணி எண்ணியே சாப்பாட்டைக் கண்டாலே பயம் வருகிறது என்றால், எண்ணுவதை அன்றே நிறுத்திவிட்டு ஒரு மருத்துவரிடம் பேசுங்கள்.

மூன்று மாதத்தில் எனக்கு மூன்றரை கிலோ குறைந்திருக்கிறது. ஒரு சுடிதார் மேல் தட்டுக்கு வந்துவிட்டது. அம்மாவுக்கு இரண்டு கிலோ. அடுத்த மாதம் அவருக்கு சுகர் டெஸ்ட். அந்தத் தேதியையும் இந்த முறை கேன் மேலேயே எழுதி வைத்திருக்கிறேன், நால்வர் கண்ணிலும் படுகிற மாதிரி.