விலை ஏறினா மது மரியாதையாகிடுமா?



மார்கழி பிறக்கப் போகுது. ஸ்கூல் லீவு, கிறிஸ்துமஸ், புது வருஷம், பொங்கல்னு விருந்து வரிசையா நிக்குது. இந்த நேரத்துல, லோபாக்கில் கோயில் தொண்டு செய்யும் நாங்க ஒரு விஷயத்தை வெளிப்படையா பேச வேண்டியிருக்கு.

வருஷக் கடைசியில் தொண்டர்களுக்கு நாம ஒரு விருந்து வைப்போம். இந்த வருஷம் நல்ல மனசுள்ள ஒருத்தர், சில போத்தல் பழைய வைட் வைன் தர்றேன்னார். "இது சம்சு இல்லீங்க, பத்து வருஷம் வச்சிருந்த சரக்கு, டீசன்டா குடிக்கிறது" என்றார். நாங்க வேண்டாம்னு சொல்லிட்டோம். அதுக்கு வந்த பேச்சு கொஞ்ச நஞ்சமில்ல. அதனாலதான் இந்தப் பதிவு.

முதல்ல கணக்கு பார்ப்போம். 750 மில்லி வைன் போத்தலில் 12 சதவீதம்னா 90 மில்லி சுத்த மது. 320 மில்லி பீர் டின்னில் 5 சதவீதம்னா 16 மில்லி. ஒரு போத்தல் வைன் ஐந்தரை டின் பீருக்குச் சமம். கிளாஸ் மெலிசா இருக்கலாம், உள்ளே இருக்கிறது அதே சரக்குதான். மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்னு 1988-லேயே வகைப்படுத்திட்டாங்க. பாதுகாப்பான அளவுன்னு எதுவும் இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிடுச்சு. வைனுக்கு அதில் தனிச் சலுகை கிடையாது.

அந்த "பழைய" பெருமையும் பாதி வெறும் பேச்சு. பெரும்பாலான வைட் வைன் இரண்டு மூணு வருஷத்துல குடிச்சு முடிக்கத்தான் செய்யறாங்க. ரீஸ்லிங் மாதிரி சில வகைதான் நாள்பட நல்லா வரும். அதுக்கும் இருட்டு வேணும், 12, 13 டிகிரி குளிர் வேணும். சிரம்பான் வெயில்ல, ஸ்டோர் ரூம் அலமாரியில பத்து வருஷம் கிடந்தது என்னவாகியிருக்கும்? நீங்களே யோசிங்க.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். லாபு, ரந்தாவ், சிலியாவ் பக்கத்துத் தோட்டங்கள்ல பால் வெட்டின தாத்தா பாட்டிகளோட பேரப்பிள்ளைங்கதான் நம்மில் பல பேர். அந்தக் காலத்துத் தோட்டத்துல கள்ளுக்கடை லயத்துக்குப் பக்கத்துலயே இருக்கும். சம்பளம் வாங்கின கையோட பாதிக் காசு அங்கேயே போயிடும். அதை எதிர்த்து நம்மாளுங்களே எழுந்து நின்னாங்க. 1941-ல் ஆர்.எச். நாதன் தலைமையில கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செஞ்சப்போ, கள்ளுக்கடையை மூடுங்கன்னும் கேட்டாங்க. 1947-ல் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடை முன்னாடி மறியல் பண்ணுச்சு. படிப்பு அதிகம் இல்லாத அந்த ஜனங்களுக்குப் புரிஞ்சது, கார் வாங்கி டிகிரி முடிச்ச நமக்கு ஏன் புரியல?

தோட்டத்து ஐயா கள்ளு குடிச்சா "குடிகாரன்". டவுன்ல வக்கீல் வைன் குடிச்சா "ரசனை". இது என்ன நியாயம்?

"முனீஸ்வரருக்கே சாராயம் படைக்கிறோமே"னு கேக்கறாங்க. நல்ல கேள்வி. எல்லைச்சாமிக்குப் படைக்கிறது நம்ம கையில இருக்கிறதை விட்டுக் கொடுக்கிறது. சாமி பேரைச் சொல்லி நாம ஊத்திக்கிறது வேற. "வேதத்துல சோமபானம் இருக்கே"ன்னும் சொல்றாங்க. அந்தச் சோமச்செடி எதுன்னு அறிஞர்களே இன்னும் வாதாடறாங்க. அது சூப்பர்மார்க்கெட் தட்டுல இல்லைங்கிறது மட்டும் நிச்சயம். வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்குன்னே தனி அதிகாரம் வச்சு பத்துக் குறள் எழுதிட்டுப் போயிட்டார்.

உங்க வீட்டுக்குள்ள வந்து போத்தலை எண்ண நாங்க வரல. குடிக்கிறவங்களைக் கோயில் வாசல்ல நிறுத்தவும் மாட்டோம். அவங்கதான் முதல்ல வரணும். நாங்க கேக்கிறது நாலே விஷயம். கோயில் பேர்ல நடக்கிற எந்த விருந்துலயும் மது வேண்டாம். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கிற தம்பிங்க கையில "ஒரு கிளாஸ்தானே"ன்னு திணிக்காதீங்க. 2017 டிசம்பர்ல இருந்து 21 வயசு ஆகாதவங்களுக்கு மது விக்கவே கூடாது, அப்படியிருக்க வீட்டுல ஊத்திக் கொடுக்காதீங்க. குடிச்சிட்டு வண்டி ஓட்டாதீங்க. 2020-ல் சட்டம் இறுகிடுச்சு, உயிர் போச்சுன்னா 10-லிருந்து 15 வருஷம் ஜெயில்.

அந்த விருந்து நடக்கும். வைனுக்குப் பதிலா மோரும் பானகமும் இருக்கும். போத்தல் தர்றேன்ன அண்ணனுக்கும் இலை போட்டு வச்சிருப்போம், அவசியம் வரணும்.

மார்கழி விடியற்காலைப் பூசைக்குப் பிள்ளைங்களை எழுப்பிக் கூட்டிட்டு வாங்க. தலைவலியோட இல்லாம, தெளிஞ்ச கண்ணோட வாங்க. சூடா வெண்பொங்கல் இருக்கும்.

சிவாயநம. சரின்னு பட்டா நாலு பேருக்குப் பகிருங்க.

கோயில் தொண்டர்கள், லோபாக்